தட்டில் செத்த கிருமி சிறுநீரகத்திலும் சாகுமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் கரூர் பக்கம். அம்மாவுக்கு 61 வயது, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. இந்த வருடத்தில் மூன்றாவது தடவையாகச் சிறுநீர்த் தொற்று. இந்தத் தடவை குளிர்காய்ச்சலும் வலது விலாவுக்குக் கீழே வலியும் சேர்ந்துவிட்டன. சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் 'ஈ.கோலை, ஈ.எஸ்.பி.எல்.' என்று போட்டு, பாதி மருந்துகளுக்கு நேரே 'ஆர்' (கிருமி அடங்காது) என்று இருக்கிறது. தினம் ஒன்றாக எர்டாபெனம் ஊசி பத்து நாளைக்கு எழுதினார்கள். மூன்று போட்டாகிவிட்டது, காய்ச்சல் விட்டுவிட்டது. ஊசி விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கொய்யா இலைச் சாறு மருந்துக்கு அடங்காத ஈ.கோலையைக் கொல்கிறது என்று ஒரு கல்லூரியில் கண்டுபிடித்ததாகப் பத்திரிகையில் படித்தேன். எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே கொய்யா மரம் நிற்கிறது. மாமா நெருஞ்சில் கஷாயம் கொடுக்கச் சொல்கிறார். மீதி ஊசியை நிறுத்திவிட்டு இவற்றைக் கொடுக்கலாமா? ரிப்போர்ட்டில் நைட்ரோஃபுரான்டாயினுக்கு நேரே 'எஸ்' (கிருமி அடங்கும்) என்று இருக்கிறது, அது விலை குறைந்த மாத்திரையாமே, அதையாவது கொடுக்கலாமா?

பதில்: ஊசியை நிறுத்தாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம். காய்ச்சல் விட்டதற்குக் காரணம் கிருமிகளின் எண்ணிக்கை குறைந்தது, அவ்வளவுதான், எல்லாம் ஒழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. குளிரும் விலாவலியும் சேர்ந்து வந்திருப்பதைப் பார்த்தால் தொற்று சிறுநீர்ப்பையோடு நிற்காமல் சிறுநீரகம் வரை ஏறியிருக்கிறது, அங்கிருந்து ரத்தத்துக்குப் போக அதிக தூரமில்லை, சர்க்கரை இருப்பவர்களுக்கு அந்தத் தூரம் இன்னும் குறைவு. விலைப் பிரச்சினைக்கு வேறு வழிகள் இருக்கின்றன, கீழே சொல்கிறேன்.

அந்தப் பத்திரிகைச் செய்தி பொய் என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். கொய்யா, வேம்பு, துளசி, கற்பூரவள்ளி, கடுக்காய், கிராம்பு என்று நம் ஊரில் எந்த இலையை, எந்தக் காயை எடுத்து அரைத்தாலும் ஏதாவது ஒரு கிருமியைத் தட்டில், அதாவது ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டில், கொல்லும். நானும் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். நுண்ணுயிரியல் படித்த காலத்தில் வேப்பிலையை நிழலில் காயவைத்து, விடுதி மிக்ஸியில் பொடித்து (அதற்குப் பிறகு அந்த மிக்ஸியில் யாரும் சட்னி அரைக்கவில்லை), மெத்தனாலில் மூன்று நாள் ஊறவைத்து வடிகட்டினேன். அகார் என்ற கூழ் ஊற்றிய தட்டில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற, பல மருந்துகளுக்கு அடங்காத சீழ்க்கிருமியைப் பூசி, நடுவில் சின்னக் குழி எடுத்து, அதில் சாற்றைச் சொட்டி, 37 டிகிரியில் ஓர் இரவு வைத்தேன். காலையில் போய்ப் பார்த்தால் குழியைச் சுற்றி 14 மில்லிமீட்டருக்குக் கிருமியே இல்லாத பளிச்சென்ற வட்டம். தரையில் கால் பாவவில்லை எனக்கு. சீனியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வெறும் மெத்தனால் விட்ட குழி எங்கே?" அப்படி ஒன்றை நான் வைக்கவே இல்லை. மறுபடி செய்தபோது வெறும் மெத்தனாலே 11 மில்லிமீட்டருக்குக் கொன்றிருந்தது. மூன்று நாள் உழைப்பில் வேம்பின் பங்கு அந்த மிச்ச மூன்று மில்லிமீட்டர்தான்.

இப்படி எல்லா ஆய்வும் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள், ஒழுங்காகச் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் ஒழுங்காகச் செய்த தட்டுகூட ஒரே ஒரு சேதியைத்தான் சொல்லும்: இந்தச் சாறு, இந்த அடர்த்தியில், நேராகக் கிருமியின் மேல் போய் விழுந்து, இரவு முழுக்க அங்கேயே இருந்தால் கிருமி வளராது. எலுமிச்சைச் சாறும் அதைச் செய்யும், வினிகரும் செய்யும், ஊறுகாய் கெடாமல் இருப்பதே அப்படித்தான். கொய்யா இலையை மென்றால் வாய் இழுத்துப் பிடிக்கிறதே, அந்தத் துவர்ப்புக்குக் காரணமான டானின்கள் எந்தப் புரதத்தைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளவை. தட்டில் கிருமியின் புரதத்தை விட்டால் ஒட்டிக்கொள்ளப் பெரிதாக வேறொன்றும் இல்லை, அதனால் அதில் ஒட்டிக்கொண்டு வேலையை முடித்துவிடும். வயிற்றுக்குள் போனால் சாப்பாட்டுப் புரதம், எச்சில், குடல் சுவர் என்று வழியெல்லாம் ஒட்டிக்கொள்ள ஆள் இருக்கிறது. ரத்தத்துக்குள் முழுசாகப் போய்ச் சேருவது மிகக் கொஞ்சம். வயிற்றுப்போக்குக்குக் கொய்யாக் கொழுந்து மெல்லச் சொன்ன பாட்டிகள் விவரமானவர்கள்தான், அங்கே சாறும் பிரச்சினையும் ஒரே குழாயில் இருக்கின்றன. உங்கள் அம்மாவின் பிரச்சினை வேறு குழாயில்.

'மருந்துக்கு அடங்காத கிருமியையே கொன்றுவிட்டது' என்று தலைப்புப் போடும்போது, பெரிய பயில்வானையே வீழ்த்திய மாதிரி தோன்றுகிறது இல்லையா, அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஈ.எஸ்.பி.எல். கிருமி எல்லா விதத்திலும் முரட்டுக் கிருமி கிடையாது. அதனிடம் ஒரு நொதி இருக்கிறது, செஃப்ட்ரியாக்சோன் மாதிரியான மருந்துகளின் மூலக்கூறில் உள்ள ஒரு வளையத்தை அது கத்தரித்துவிடும், மருந்து செல்லாக்காசு ஆகிவிடும். கூடவே வேறு சில மருந்துகளை ஏமாற்றும் ஜீன்களும் சேர்ந்து வந்திருக்கும். அவ்வளவுதான் அதன் வித்தை. சோப்பு, ஸ்பிரிட், பிளீச்சிங் பவுடர், கொதிக்கும் தண்ணீர் இவற்றுக்கு முன்னால் அதுவும் சாதாரண ஈ.கோலையும் ஒன்றுதான். கொய்யாச் சாற்றில் அந்த வளையமே இல்லை, கத்தரிக்க அங்கே ஒன்றும் கிடையாது, ஆகவே சாதாரண ஈ.கோலையை என்ன செய்யுமோ அதையேதான் இதையும் செய்யும்.

சரி, அளவுக்கு வருவோம், என் கணக்கில் இதுதான் முக்கியம். கிருமியின் வளர்ச்சியை நிறுத்த ஒரு மில்லிலிட்டருக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு பொருள் வேண்டும் என்று ஓர் அளவு உண்டு. எர்டாபெனம் ஊசிக்கு உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டில் 'எஸ்' போட்டிருக்கிறார்கள் என்றால், ஆய்வகங்கள் பின்பற்றும் விதிப்படி அந்த அளவு 0.5 மைக்ரோகிராமோ அதற்கும் கீழோ. தாவரச் சாறுகளைப் பற்றிய கட்டுரைகளைப் புரட்டினால் அங்கே கணக்கு பெரும்பாலும் மில்லிகிராமில் ஓடும். உதாரணத்துக்கு 5 மில்லிகிராம் என்று வையுங்கள். அது 5,000 மைக்ரோகிராம், அதாவது ஊசி மருந்தைவிடப் பத்தாயிரம் மடங்கு. 60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் உடம்பில் சுமார் 30 லிட்டர் நீர் இருக்கும். அதில் மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் சேரவேண்டுமானால் 150 கிராம் உலர்ந்த சாறு, ஒரு துளி வீணாகாமல், ஈரல் அதில் கை வைக்காமல், ஒரே நேரத்தில் உள்ளே இருக்கவேண்டும். உலர்ந்த இலையில் பத்தில் ஒரு பங்கு சாறாக இறங்கும் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் ஒன்றரைக் கிலோ காய்ந்த கொய்யா இலை. ஒரு வேளைக்கு! ஒரு டம்ளர் கஷாயத்தில் போடுவது நான்கைந்து இலை. ஊசியில் இருப்பது ஒரே ஒரு கிராம், அதுவே நாள் முழுக்கத் தாங்குகிறது.

இந்தத் தட்டு, உடம்பு விவகாரம் இலைகளுக்கு மட்டும் உள்ளதல்ல. உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதிலும் இதுவே. நைட்ரோஃபுரான்டாயின் உண்மையான, அருமையான, பழைய மருந்து. எங்கள் ஆய்வகத்தில் உங்கள் அம்மாவின் கிருமியைத் தட்டில் வைத்துப் பார்த்தால் அது அழகாகக் கொல்லும், அதனால்தான் 'எஸ்'. ஆனால் அந்த மாத்திரை ரத்தத்திலோ சிறுநீரகத் தசையிலோ போதுமான அளவு சேராது, சிறுநீரில்தான் சேரும். வெறும் எரிச்சல், அடிக்கடி போவது, காய்ச்சல் இல்லை என்றால் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அதைத்தான் முதலில் கேட்கச் சொல்லியிருப்பேன். சிறுநீரகம் வரை ஏறிய தொற்றுக்கு ஆகாது. சிறுநீர்ப்பைத் தொற்றுக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான ஃபாஸ்ஃபோமைசின் பொடிக்கும் இதே கதை. ரிப்போர்ட்டில் 'எஸ்' வாங்கிய மருந்தே இடத்தைப் பொறுத்துத் தோற்கிறது என்னும்போது, இந்தத் தொற்றுக்கு மனிதர்களிடம் முறையாகச் சோதிக்கப்படாத சாற்றை நம்பி ஊசியை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது.

அப்படியானால் செடிகளில் ஒன்றுமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம், மாமாவும் கேட்பார். இருக்கிறது, ஆனால் நாம் தேடும் இடத்தில் இல்லை. பென்சிலின் பூஞ்சையிலிருந்து வந்தது, ஸ்ட்ரெப்டோமைசின் மண்ணிலிருக்கும் பாக்டீரியாவிலிருந்து வந்தது, அவை பக்கத்துக் கிருமியை ஒழித்துக்கட்ட உருவான ஆயுதங்கள். செடியின் வழி வேறு. மரமஞ்சளில் பெர்பெரின் என்று மஞ்சள் நிறத்தில் ஒரு பொருள் உண்டு. ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற சீழ்க்கிருமிக்குள் அது நுழைந்தவுடன், கிருமியின் உறையில் இருக்கும் ஒரு பம்ப் அதை வாரி வெளியே இறைத்துவிடும். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள், மரமஞ்சள் இனத்துச் செடிகளிலேயே இன்னொரு பொருள் இருப்பதைக் காட்டினார்கள். தனியாக அது எந்தக் கிருமியையும் கொல்லாது, ஆனால் அந்தப் பம்பை அடைத்துவிடும், பிறகு பெர்பெரின் நிம்மதியாக வேலை பார்க்கும். அந்தப் பொருள் அதற்கு முன்பே தொழுநோய்க்குப் பயன்பட்ட சால்மூக்ரா எண்ணெயில், நாம் நீரடிமுத்து என்று சொல்லும் மரத்தின் எண்ணெய் அது, சிறு அளவில் கண்டெடுக்கப்பட்டிருந்தது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். ஆனால் ஈ.கோலைக்கு இரட்டை உறை, அதில் வேறு ஜாதி பம்ப், ஸ்டஃபிலோகாக்கஸிடம் பலிக்கும் பல தாவரப் பொருள்கள் ஈ.கோலையிடம் திரும்பி வந்துவிடும்.

மிளகும் அப்படித்தான், அது மருந்துக்குத் துணைக்குப் போகும். மிளகின் காரப்பொருளான பைப்பரினைக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினோடு சேர்த்தால் அந்த மருந்து உடம்பில் அதிகமாக ஏறுகிறது என்று ஜம்முவிலுள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம் வேலை செய்து, ரிஃபாம்பிசின் அளவை 450 மில்லிகிராமிலிருந்து 200-க்குக் குறைத்து, அதில் 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்த மாத்திரை நம் நாட்டில் அனுமதி வாங்கியது. திரிகடுகத்தில் மிளகையும் திப்பிலியையும் ஏன் சேர்த்தார்கள் என்று யோசிக்க வைக்கும் விஷயம். அதே காரணத்துக்காகத்தான், மாத்திரை சாப்பிடும் ஒருவர் தன் பாட்டுக்கு மிளகு, திப்பிலிக் கஷாயத்தை அளவில்லாமல் குடிப்பது எனக்குப் பிடிப்பதில்லை, எந்த மருந்து எவ்வளவு ஏறும் என்று சொல்லமுடியாது.

மனிதர்களிடம் வைத்து முறையாகச் சோதித்தவை கொஞ்சம்தான், அதில் ஒன்று அப்படியே உங்கள் கேள்விக்குப் பொருந்துகிறது. ஜெர்மனியில், காய்ச்சல் இல்லாத சாதாரணச் சிறுநீர்த் தொற்று வந்த 398 பெண்களில் ஒரு பாதிக்கு ஃபாஸ்ஃபோமைசினும், மறுபாதிக்கு யூவா அர்சி என்ற செடியின் இலைச் சாற்று மாத்திரையும் கொடுத்தார்கள், முடிவு 2021-இல் வெளியானது. அந்த இலை வெறும் நாட்டு நம்பிக்கை இல்லை, அதிலுள்ள பொருள் உடம்பில் மாறி, கிருமியைக் கொல்லும் ஹைட்ரோகுயினோனாகச் சிறுநீரிலேயே வந்து சேரும், அதாவது சரியான குழாய்க்கே போகிறது. பலன்? இலை சாப்பிட்டவர்களில் ஆன்டிபயாடிக் தேவை நன்றாகவே குறைந்தது, பலருக்குத் தானாகச் சரியானது. ஆனால் எரிச்சலும் வலியும் அவர்களுக்குக் கூடுதலாக இருந்தன, சிறுநீரகம் வரை தொற்று ஏறியது அந்தப் பக்கம் எட்டுப் பேருக்கு, மருந்துப் பக்கம் இரண்டு பேருக்கு. இது காய்ச்சலே இல்லாமல் ஆரம்பித்தவர்களின் கதை. உங்கள் அம்மா ஆரம்பித்ததே அந்த எட்டுப் பேர் போய் நின்ற இடத்தில்.

மாமாவின் நெருஞ்சில் கஷாயம். நான் அதற்கு விரோதி இல்லை, என் பாட்டி கோடைக்கு எனக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரிந்த பதிவு பெற்ற சித்த மருத்துவர்கள் யாரும், விலாவலியும் குளிருமாக வரும் சர்க்கரை நோயாளியைக் கஷாயத்தோடு வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஊசி ஓடும் நாட்களில் வேண்டாம், முடிந்த பிறகு ஆசைப்பட்டால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் வாழைத்தண்டுச் சாறு உட்பட எந்தச் சாற்றிலும் உள்ள பொட்டாசியம் தொல்லை தரும். கொய்யா இலைத் தேநீருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவதைக் குறைக்கும் பானமாக ஜப்பானில் அரசாங்க அனுமதியோடு அது விற்கிறது, ஆகவே இன்சுலினோ மாத்திரையோ எடுக்கும் அம்மாவுக்கு அதைக் கொடுத்தால் சர்க்கரை இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூலிகைக் கடையில் பெயர் தெரியாத பொடி மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். 1990-களில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் போனது, காரணம் அதில் கலந்துவிட்ட அரிஸ்டலோக்கியா என்ற செடி. நம் ஊர் ஆடுதின்னாப்பாளை அதே குடும்பம்தான். ஆடே தின்னாததை நாம் ஏன் தின்னவேண்டும்.

இப்போது பணம். வெட்கப்படாமல் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள், ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துப் போங்கள். கோட்ரைமாக்சசோல் என்ற மாத்திரைக்கு நேரே 'எஸ்' இருக்கிறதா பாருங்கள், அது சிறுநீரகத் தசை வரை போகும், விலையும் சொற்பம். கிருமி அதற்கு அடங்கினால் மீதி நாட்களுக்கு ஊசியை விட்டு அதற்கு மாறலாமா என்று கேட்கலாம், அதிலும் சிறுநீரக அளவும் பொட்டாசியமும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் 'எஸ்' என்றால் அதுவும் ஆகும், உங்கள் ரிப்போர்ட்டில் அந்த அதிர்ஷ்டம் இருக்குமா என்று சந்தேகம்தான். காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிட்டதால் பத்து நாள் வேண்டுமா, ஏழு போதுமா என்றும் கேளுங்கள், பலருக்கு ஏழே போதுமாக இருக்கிறது, ஆனால் அதை முடிவு செய்வது அம்மாவைத் தொட்டுப் பார்த்தவராக இருக்கட்டும். எதற்கும் வழியில்லை என்றால் அரசு மருத்துவமனையில் போய் மீதி ஊசியைப் போட்டுக்கொள்ளக் கடிதம் வாங்குங்கள், அதே மருந்து மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதா என்றும் விசாரியுங்கள். பாதியில் விட்டு மறுபடி காய்ச்சல் வந்தால் முழு ஊசியையும் முதலிலிருந்து வாங்கவேண்டி வரும். அதைவிடப் பெரிய கவலையும் ஒன்று உண்டு: எர்டாபெனத்தையும் அறுக்கிற என்.டி.எம்.-1 நொதி உள்ள கிருமிகள் 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அகப்பட்டன, அந்த வகைக்கு மருந்து தேடுவது எங்களுக்கே தலைவலி.

வருடத்துக்கு மூன்று தடவை ஏன் வருகிறது என்பதுதான் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி. ஒரு ஸ்கேன் எடுத்துக் கல் இருக்கிறதா, சிறுநீர் கழித்த பிறகும் பையில் மிச்சம் தேங்குகிறதா பார்க்கவேண்டும், சர்க்கரை நரம்பைப் பிடித்தால் பை முழுசாகக் காலியாகாது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்குப் பிறப்புறுப்பின் உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் தொற்று திரும்பத் திரும்ப வருவதைக் குறைக்கிறது, நம் ஊரில் கூச்சத்தால் யாரும் இதைப் பேசுவதில்லை, நீங்கள் பேசுங்கள். செடி மேல் ஆசை போகவில்லை என்றால் கிரான்பெர்ரி ஒன்று இருக்கிறது: அது கிருமியைக் கொல்வதில்லை, ஈ.கோலை பையின் சுவரில் ஒட்டுவதைத் தடுக்கிறது, அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்குச் சுமார் கால்பங்கு குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டு 2023-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. கடையில் விற்கும் ஜூஸில் சர்க்கரை கொட்டிக் கிடக்கும், அம்மாவுக்கு அது ஆகாது, மாத்திரையாக வேண்டுமானால் பார்க்கலாம்.

கடைசியாக, ஆய்வகத்துக்காரராக என் சொந்தப் புலம்பல் ஒன்று. அம்மாவுக்குக் காய்ச்சலும் எரிச்சலும் இல்லாதபோது சும்மா ஒரு கல்ச்சர் எடுத்து, அதில் கிருமி இருக்கிறது என்று பயந்து மருந்து கொடுக்காதீர்கள். தொந்தரவு தராத கிருமி சர்க்கரைக்காரர்களின் சிறுநீரில் சகஜம், அதற்கு மருந்து கொடுத்துத்தான் பாதி 'ஆர்' உருவாகிறது. தொந்தரவு இருக்கும்போது எடுத்தால் முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை, ஆய்வகம் கொடுத்த பாட்டிலில் மட்டும் பிடியுங்கள், மருந்து ஆரம்பிப்பதற்கு முன்னால். இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவர முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்கலாம். மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைக்கிறாயா என்று வீட்டில் சண்டை வரும், இரண்டு கவருக்குள் போட்டுக் கதவுத் தட்டில் வைத்துவிடுங்கள்.